கோல்ரிட்ஜின் 55 குறிப்பேடுகளும் கேத்லீன் கோபர்னின் 60 ஆண்டுகளும்

#1 மெய்ப்புத்தாள் | ஞாயிறு, காலை 7.15

போன வாரம் ரொமாண்டிக் கவிஞர்கள் இழையில் கரைவழி ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "ஒரு பேராசிரியர் ஆயுசு முழுக்க ஒரே எழுத்தாளரைக் கட்டிக்கொண்டு அழுவது வீண் இல்லையா?" அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது, அதனால் தனி இழை.

நான் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். பதிப்பாசிரியர் பெயரை அட்டையில் பொடி எழுத்தில் போடுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். எனக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் சுட்டது என்றே சொல்லிவிடுகிறேன்.

அதனால் ஆங்கில ரொமாண்டிக் கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜின் குறிப்பேடுகளைப் பதிப்பித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கேத்லீன் கோபர்ன் 1905-இல் கனடாவில், ஒண்டாரியோவின் ஸ்டெய்னர் என்ற சிற்றூரில் பிறந்தவர். டொரண்டோவின் விக்டோரியா கல்லூரியில் படித்துவிட்டு, உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஹியூஸ் கல்லூரிக்குப் போனார். அது பெண்கள் கல்லூரி. ஆக்ஸ்ஃபோர்ட் பெண்களுக்குப் பட்டம் தரத் தொடங்கியே அப்போது பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. கோல்ரிட்ஜின் தத்துவம்தான் அவருக்கு ஆய்வு. அச்சான நூல்கள் போதவில்லை, கையெழுத்துப் பிரதிகள் எங்கே இருக்கின்றன என்று தேடிக்கொண்டு, கோல்ரிட்ஜ் பிறந்த ஊரான ஆட்டரி செயின்ட் மேரிக்கு, டெவன் பகுதிக்குப் போனார். அங்கே சான்டர்ஸ் ஹவுஸ் என்ற குடும்ப மாளிகை. அப்போதிருந்த கோல்ரிட்ஜ் பிரபுவுக்குத் தன் மூதாதைக் கவிஞர் மேல் பெரிய மதிப்பு கிடையாது. அபின் சாப்பிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளாத ஆள் என்பதுதான் வீட்டில் இருந்த நினைவு. ஆனாலும் நூலகத்தைத் திறந்து காட்டினார்கள்.

அங்கே இருந்தவை கோல்ரிட்ஜின் குறிப்பேடுகள். மொத்தம் 55. சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற அளவில் சில, கனத்த கணக்குப் புத்தகம் போல் சில. பேரன் எர்னஸ்ட் ஹார்ட்லி கோல்ரிட்ஜ் 1895-இல் அவற்றிலிருந்து பொறுக்கி ஒரு சிறு நூல் போட்டிருந்தார், அவ்வளவுதான். இருபது சொச்சம் வயதில் அந்த அலமாரி முன்னால் நின்ற மாணவி, 1991-இல் இறக்கும்வரை அதைவிட்டு விலகவில்லை. முதல் தொகுதி அச்சாகி வந்தது 1957-இல். அப்போது அவருக்கு 52 வயது.

#2 கரைவழி | ஞாயிறு, காலை 9.02

அக்கா, உங்களைப் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. 'குப்ளா கான்' 54 வரி. 'ஏன்ஷியன்ட் மரினர்' ஒரு மணி நேரத்தில் வாசிக்கலாம். உலகம் கோல்ரிட்ஜை நினைவில் வைத்திருப்பது இந்த இரண்டுக்காகவும் இன்னும் நாலைந்து கவிதைகளுக்காகவும். அப்படியிருக்க அவர் பையில் கிறுக்கி வைத்த துண்டுக் குறிப்புகளுக்கு ஆயிரக்கணக்கான பக்கம் எதற்கு? 1930-இல் பார்த்ததை 1957-இல் அச்சிட்டால், நடுவில் 27 ஆண்டு என்ன நடந்தது?

#3 மெய்ப்புத்தாள் | ஞாயிறு, காலை 10.30

சரி, 27 ஆண்டு என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பி விக்டோரியா கல்லூரியில் பாடம் நடத்தினார், கிடைத்த விடுமுறையில் எல்லாம் இங்கிலாந்து போய்வந்தார், இடையில் உலகப் போர். கோல்ரிட்ஜ் 1818-19 குளிர்காலத்தில் லண்டனில் தத்துவ வரலாறு பற்றிப் பேசிய சொற்பொழிவுகளை ஒருவர் சுருக்கெழுத்தில் எடுக்க ஏற்பாடாகியிருந்தது. அந்தப் பிரதியைச் சீர்செய்து 1949-இல் கோபர்ன் அச்சிட்டார். 1951-இல் குறிப்பேடுகள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின, பில்கிரிம் டிரஸ்ட்டின் பண உதவியோடு. ஏலத்தில் ஒவ்வொன்றாகச் சிதறாமல் 55-ம் ஒரே இடத்தில் தங்கின. எனக்கு அதுவே பெரிய காரியம்.

"கிறுக்கல் எதற்கு" என்ற கேள்விக்கு ஒரே ஒரு குறிப்பைக் காட்டுகிறேன்.

கோல்ரிட்ஜின் மூத்த மகன் ஹார்ட்லி, நடை பழகுகிற குழந்தை. கீழே விழுந்து அடிபட்டுக்கொள்கிறான். அலறுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பா வெளியே ஓடுகிறார். குழந்தையின் கண்ணில் நிலா படுகிறது. உடனே அழுகை நின்றுவிடுகிறது. கண்ணும் அதில் நின்ற நீரும் நிலவொளியில் மின்னியதைக் குறித்துவைக்கிறார். குறிப்பு இவ்வளவுதான், மூன்று நான்கு வரி.

இதே காட்சி 1798-இல் எழுதிய 'நைட்டிங்கேல்' கவிதையில் வருகிறது. அதில் குழந்தை விழவில்லை. தூக்கத்தில் ஏதோ உள்வலியில், கனவுபோல ஏதோ வந்து, கலங்கி எழுகிறது. அப்பா தோட்டத்துக்குத் தூக்கிப் போகிறார். நிலாவைப் பார்த்த குழந்தை அழுகையை அடக்கிக்கொண்டு ஓசையில்லாமல் சிரிக்கிறது, கண்ணீர் விழாமல் கண்ணிலேயே மினுங்குகிறது.

விழுந்த அடி கவிதையில் எங்கே போனது? ஏன் அதை எடுத்துவிட்டுக் கனவை வைத்தார்? குறிப்பேடு கையில் இல்லையென்றால் இப்படி ஒரு கேள்வி இருப்பதே நமக்குத் தெரியாது. கவிதை மட்டும் படித்தவருக்கு அது அழகான வரி. இரண்டையும் படித்தவர், கவிஞர் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மாதிரி.

#4 தாமிரக்கரை | ஞாயிறு, மதியம் 12.10

நல்ல இழை, அம்மா. முப்பது ஆண்டுக்கு மேல் பி.ஏ. வகுப்பில் 'ஏன்ஷியன்ட் மரினர்' நடத்தியவன் நான். ஓரத்தில் வருகிற உரைநடைக் குறிப்புகள் 1798-இல் கிடையாது, 1817-இல்தான் கவிஞரே சேர்த்தார் என்பதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கோபர்னுக்கு முன்னால் வந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். கட்ச் என்பவர் கையில் இருந்த ஒரு குறிப்பேடு மட்டும் 1868-லேயே பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்துவிட்டது. 1790-களில் கோல்ரிட்ஜ் படித்ததிலிருந்து எடுத்து எழுதியவை அதில் இருக்கின்றன. ஆய்வாளர் ஜான் லிவிங்ஸ்டன் லோவ்ஸ் அந்த ஒரே ஏட்டைப் பிடித்துக்கொண்டு, கோல்ரிட்ஜ் படித்த பயண நூல்களை எல்லாம் தானும் படித்து, பனியும் பாம்பும் கடலொளியும் எந்தப் பக்கத்திலிருந்து கவிதைக்குள் வந்தன என்று 1927-இல் எழுதிய நூல் இன்றும் துப்பறியும் கதை மாதிரி ஓடும். ஒரு குறிப்பேட்டிலிருந்தே அவ்வளவு. மீதி 55 வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தன என்று யோசித்துப் பாருங்கள்.

#5 நூலகமூலை | ஞாயிறு, மாலை 4.45

நான் முதுகலை இரண்டாம் ஆண்டு. இந்த இழை எனக்காகவே வந்தது போல் இருக்கிறது. ஆய்வேட்டுக்கு ஒரு பழைய நூலின் பதிப்புகளை ஒப்பிட்டுப் பாடபேதம் தொகுக்கிறேன் என்றேன். "அது ஆராய்ச்சி இல்லை, குமாஸ்தா வேலை, கோட்பாடு ஏதாவது வைத்து எழுது" என்று சொல்லிவிட்டார்கள். யார், எங்கே என்பது வேண்டாம். மூன்று நாள் நூலகத்துக்கே போகவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் அக்கா. கோபர்ன் குறிப்பேடுகளை ஏடு வாரியாக அச்சிடவில்லை, எல்லாக் குறிப்புகளையும் கால வரிசையில் மாற்றி அடுக்கினார் என்று படித்தேன். அது சரியா? மூலத்தின் உருவமே கலைந்துபோகாதா?

#6 மெய்ப்புத்தாள் | ஞாயிறு, இரவு 8.20

தம்பி, முதலில் நாளைக்கு நூலகத்துக்குப் போ.

கேள்வி சரியான கேள்வி. கோல்ரிட்ஜ் ஒரு ஏட்டை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறவர் இல்லை. ஒரே நேரத்தில் மூன்று நாலு ஏட்டில் எழுதுவார். பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதுவார். பத்து ஆண்டு கழித்து, பழைய ஏட்டில் காலியாகக் கிடக்கும் இடத்தில் புதிதாக ஒன்றை எழுதுவார். ஆங்கிலம், லத்தீன், கிரேக்கம், ஜெர்மன், இத்தாலியன் எல்லாம் கலந்து வரும். மறைக்க நினைத்ததைக் கிரேக்க எழுத்திலும் சங்கேதத்திலும் எழுதுவார். அப்படியே ஏடு வாரியாக அச்சிட்டால் 1799-க்குப் பக்கத்தில் 1810 நிற்கும்.

அதனால் கோபர்ன் ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி தேடினார். மை, தாள், கையெழுத்து, அன்றைய கடிதம், அன்று படித்த புத்தகம் எல்லாவற்றையும் வைத்துத்தான். பிறகு வரிசை எண் கொடுத்தார். ஐந்து தொகுதியிலும் சேர்த்து 6000-க்கு மேல் குறிப்புகள். எந்த எண் எந்த ஏட்டில் இருக்கிறது என்று தனி அட்டவணையும் வைத்தார், மூலத்தின் உருவம் வேண்டுகிறவர் அதைப் பிடித்துத் திரும்பிப் போகலாம். ஒவ்வொரு தொகுதியும் இரண்டு புத்தகம்: ஒன்றில் மூலம், இன்னொன்றில் விளக்கம். மூலத்தின் அடியில் ஒரு வரிகூட விளக்கம் ஓடாது. கவிஞர் பேசும்போது பதிப்பாசிரியர் குறுக்கே பேசக்கூடாது என்கிற மரியாதையாகவே அதை நான் பார்க்கிறேன்.

வரிசையின் பலன் எங்கே தெரியும் தெரியுமா? 1799 நவம்பரில் லண்டனுக்குக் கோச் வண்டியில் போகும்போது மைனா வகைப் பறவைக் கூட்டம் ஒன்று வானத்தில் புகை போலத் திரண்டு, சதுரமாகி, வட்டமாகி, அடர்ந்து கறுப்பதைக் கண்டு எழுதுகிறார். 1803 அக்டோபரில் அதே பறவைக் கூட்டத்தை மறுபடி, கொஞ்சம் திருத்தி எழுதுகிறார். நாலு ஆண்டு கழித்து அது ஏன் திரும்ப வந்தது? அதே அக்டோபர் 19-ஆம் தேதிக் குறிப்பைப் பார்த்தால் மனுஷன் நொறுங்கிப்போயிருக்கிறார். நாளைக்கு 31 வயது, இந்த ஆண்டு முழுக்க வலி நிறைந்த கனவாகப் போய்விட்டது, எதுவும் செய்யவில்லை என்று புலம்புகிறார். ஒரு வடிவத்தில் நிற்காமல் கலைந்து கலைந்து சேருகிற அந்தக் கூட்டத்தில் அப்போது அவர் தன்னைத்தான் பார்த்தார் என்பது என் வாசிப்பு. தேதி வரிசை இல்லாமல் இந்த இரண்டு குறிப்பும் அருகருகே என் கண்ணில் பட்டிருக்காது.

இதில் இன்னொன்று. அவர் பிறந்தது அக்டோபர் 21. ஆனால் 20 என்றே நம்பிக்கொண்டிருந்தார். ஒருவர் தன் பிறந்த நாளையே தப்பாக எழுதியிருக்கும்போது அதைத் திருத்தாமல் அச்சிட்டு, விளக்கத்தில் சரியான தேதியைச் சொல்வதுதான் பதிப்பு. குமாஸ்தா வேலை என்று சொன்னவரிடம் இதைச் சொல்.

#7 செம்பருத்தி | திங்கள், காலை 6.50

எனக்கு வேறு ஒரு உறுத்தல். குறிப்பேடு என்பது ஒருவர் தனக்காக எழுதுவது. அபின் வேதனை, கெட்ட கனவு, வயிற்றுக் கோளாறு, தன்னைத் திருமணம் செய்துகொள்ள முடியாத ஒரு பெண்ணின் மேல் வைத்த ஆசை, இதையெல்லாம் சங்கேதத்தில் மறைத்துவைத்த மனுஷர் அச்சில் வரட்டும் என்றா எழுதினார்? குடும்பம் மறைத்து வைத்திருந்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறதே.

#8 மெய்ப்புத்தாள் | திங்கள், இரவு 9.05

இதை நானும் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். முழுப் பதில் என்னிடம் இல்லை, ஆனால் கோபர்ன் செய்த ஒன்றைச் சொல்கிறேன்.

அந்தப் பெண் சாரா ஹட்சின்சன். கோல்ரிட்ஜின் நண்பர், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் மனைவி மேரியின் தங்கை. குறிப்பேட்டில் அவர் பெயர் எழுத்து மாற்றி 'அஸ்ரா' என்று வருகிறது. குறிப்பேடு மட்டும் வந்திருந்தால் சாரா காலத்துக்கும் ஒரு கவிஞரின் ஏக்கமாகவே, வாய் பேசாத உருவமாகவே நின்றிருப்பார். கோபர்ன் குறிப்பேட்டின் முதல் தொகுதிக்கு மூன்று ஆண்டு முன்னாலேயே, 1954-இல், சாரா எழுதிய கடிதங்களைத் தனி நூலாகப் பதிப்பித்தார். அதில் வருகிற சாரா, வீட்டு வேலையும் சொந்தபந்தமும் அரசியலும் பேசுகிற, நறுக்குத் தெறித்தாற்போல் அபிப்பிராயம் சொல்கிற ஒரு பெண். கோல்ரிட்ஜ் 1809-10-இல் நடத்திய 'தி ஃபிரண்ட்' இதழுக்கு அவர் சொல்லச் சொல்லப் பெரும்பகுதியை எழுதிக்கொடுத்தவரும் சாராதான்.

மறைப்பதால் மரியாதை வந்துவிடாது என்பது என் எண்ணம். பாதியை மறைத்தபோது குடும்பத்தில் என்ன மிஞ்சியது? "அபின்காரர், குடும்பத்தைக் கைவிட்டவர்." முழுசும் வெளியே வந்த பிறகுதான், அந்த அபினோடு எத்தனை ஆண்டு மல்லுக்கட்டினார், கனவைக்கூட எவ்வளவு கூர்மையாகக் கவனித்தார் என்பது தெரிந்தது. ரிச்சர்ட் ஹோம்ஸ் 1989-லும் 1998-லும் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் கோல்ரிட்ஜ் உயிரோடு நடந்து வருகிறார் என்றால், அதற்குக் கீழே கோபர்ன் போட்ட தரை இருக்கிறது.

#9 கரைவழி | செவ்வாய், மதியம் 1.30

நிலா குறிப்பைப் படித்துவிட்டு 'நைட்டிங்கேல்' மறுபடி படித்தேன். நீங்கள் சொன்னது புரிந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. கோல்ரிட்ஜ் ஜெர்மன் தத்துவவாதிகளிடமிருந்து பத்தி பத்தியாகச் சொல்லாமல் எடுத்தவர். அவர் இறந்த 1834-லேயே எழுத்தாளர் டி குவின்சி இதை எழுதிவிட்டார். 1971-இல் நார்மன் ஃப்ரூமன் ஒரு நூல் முழுக்க இதையே வைத்தார். வாழ்நாள் முழுக்க ஒருவரோடு இருக்கிற பதிப்பாசிரியருக்கு அவர் மேல் பாசம் வந்துவிடும். பாசம் வந்தால் குற்றத்தை மூடத் தோன்றாதா?

#10 தாமிரக்கரை | செவ்வாய், மாலை 6.15

தோன்றலாம், தம்பி. ஆனால் நல்ல பதிப்பு மூட விடாது. கோபர்ன் பொதுப் பதிப்பாசிரியராக இருந்து தொடங்கிய முழுத் தொகுப்பில் கோல்ரிட்ஜின் உரைநடை நூல் 'பயோகிராஃபியா லிட்டரேரியா' 1983-இல் வந்தது. ஜேம்ஸ் எங்கெல், வால்டர் ஜாக்சன் பேட் இருவரும் பதிப்பித்தது. ஜெர்மன் தத்துவவாதி ஷெல்லிங்கிடமிருந்து எந்த வரி வந்தது, எது சொந்தச் சொல், எது மொழிபெயர்ப்பு, எங்கே மாற்றினார் என்று பக்கத்துக்குப் பக்கம் அடியில் காட்டியிருப்பார்கள். குற்றம் சாட்டுகிறவரும் வாதாடுகிறவரும் இன்று ஒரே பக்கத்தைத்தான் திறக்க வேண்டும். மூடி மறைக்கிறவர் இப்படி ஒரு பக்கத்தை அச்சிடுவாரா?

பதிப்பு என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார், கொஞ்சம் விலகிப் போகிறேன். ஆக்ஸ்ஃபோர்டின் பேலியோல் கல்லூரியில் இருந்த ரோஜர் லான்ஸ்டேல். 18-ஆம் நூற்றாண்டுதான் அவர் நிலம். 1969-இல் கிரே, காலின்ஸ், கோல்ட்ஸ்மித் மூவரின் கவிதைகளையும் வரிக்கு வரி விளக்கத்தோடு பதிப்பித்தார். அதோடு நின்றிருந்தாலே போதும். 1984-இல் அந்த நூற்றாண்டின் கவிதைத் தொகுப்புக்காக, யாரும் தொடாத பழைய நூல்களைப் புரட்டினார். அதில் தட்டுப்பட்ட பெண் கவிஞர்களுக்காகவே 1989-இல் தனித் தொகுப்பு, நூறு பேருக்கு மேல். சமையலறை வேலைக்காரி மேரி லீப்பர், 24 வயதில் தட்டம்மையில் இறந்தவர், கவிதைகள் அச்சானது இறந்த பிறகு. துணி துவைக்கிற மேரி காலியர், 1739-இல் பெண்ணின் உழைப்பைப் பற்றி எழுதியவர். பிரிஸ்டலில் பால் விற்ற ஆன் யர்ஸ்லி. நான் எம்.ஏ. படித்தபோது 18-ஆம் நூற்றாண்டு என்றால் அலெக்சாண்டர் போப்பும் சாமுவேல் ஜான்சனும்தான். இந்தப் பெண்கள் பாடத்திட்டத்துக்குள் வந்ததில் அந்த ஒரு தொகுப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் ஓய்வு பெற்றது அந்தப் பாடங்களை நடத்தாமல்தான். அது எனக்கு இன்னமும் மனக்குறை.

#11 நூலகமூலை | செவ்வாய், இரவு 10.40

ஐயா, மேரி லீப்பர் பெயரை இன்றுதான் கேட்கிறேன். தேடிப் படிக்கிறேன்.

அக்கா, நூலகம் போனேன். ஒரு கேள்வி மட்டும்: இவ்வளவு பெரிய வேலைக்கு யார் பணம் கொடுத்தார்கள்? கடைசியில் முடிந்ததா?

#12 மெய்ப்புத்தாள் | புதன், காலை 7.30

போனாய், அதுவே சந்தோஷம்.

பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. பால் மெல்லன் குடும்பத்தின் பாலிங்கன் அறக்கட்டளை. விற்பனையைப் பார்த்து எந்தப் பதிப்பகமும் இதைத் தொட்டிருக்காது. குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டதோடு, கோல்ரிட்ஜ் எழுதிய அத்தனையையும் பதிப்பிக்கும் திட்டத்துக்கும் அவர்களே தோள் கொடுத்தார்கள். 1969-இல் 'தி ஃபிரண்ட்' முதலில் வந்தது. சாரா எழுதிக்கொடுத்த அதே இதழ். பதிப்பித்தவர் பார்பரா ரூக். பிறர் புத்தகங்களின் ஓரத்தில் கோல்ரிட்ஜ் எழுதிய குறிப்புகள் மட்டுமே ஆறு தொகுதி, ஜார்ஜ் வாலியும் ஹெச். ஜே. ஜாக்சனும் செய்தது. முழுத் திட்டம் 34 புத்தகங்களோடு 2002-இல் நிறைவடைந்தது.

குறிப்பேடுகள் 1957, 1961, 1973, 1990, 2002. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் 17 ஆண்டு. நான்காவதில் மெர்ட்டன் கிறிஸ்டென்சன் பெயரும் சேர்ந்திருக்கிறது. அது வந்த அடுத்த ஆண்டு கோபர்ன் இறந்தார். ஐந்தாவதை அந்தோனி ஹார்டிங் முடித்தார், அட்டையில் கோபர்ன் பெயரோடு சேர்த்து. அதில் இருப்பவை கோல்ரிட்ஜின் கடைசி ஏழு ஆண்டுகள், ஹைகேட்டில் டாக்டர் கில்மன் வீட்டு மாடியில் எழுதியவை. பெரும்பாலும் பைபிளும் இறையியலும்.

கரைவழி, உங்கள் முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அவர் ஒரே எழுத்தாளரோடு இருந்தார் என்பது உண்மை. அந்த எழுத்தாளர் தாவரம், வேதியியல், கனவு, குழந்தை வளர்ப்பு, மால்டா தீவின் நிர்வாகம், கிரேக்க இலக்கணம் என்று எதையும் விடாதவர். அவர் படித்ததை எல்லாம் படிக்காமல் ஒரு விளக்கக் குறிப்பும் எழுத முடியாது.

தம்பி, முதல் தொகுதி கிடைத்தால் மூலப் புத்தகத்தில் 219-ஆம் எண்ணைத் திற. ஹார்ட்லியும் நிலாவும் அங்கேதான். முதலில் குறிப்பை மட்டும் படி. கவிதையைப் பக்கத்தில் வைத்துக்கொள். விளக்கப் புத்தகத்தைக் கடைசியில் திற.

#13 கரைவழி | புதன், காலை 8.10

219. குறித்துக்கொண்டேன், நானும் படிக்கிறேன்.